கொசுறாகப் போன கிணறு

ஒரு வாய்த் தண்ணீருக்குப் பதின்மூன்று கிணறு. அறுபத்தெட்டாம் வருஷத்துக் கோடையில் செஞ்சிக் கடைத்தெருவில் படிந்த விலை அது. விற்றவர் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்குத் தரகரான தர்மதாஸ் நயினார். தண்ணீர் அவருடைய அக்காள் மருதேவியுடையது. அவளை ஒரு வார்த்தை கேட்காமல் விற்றார்.

தர்மதாஸ் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. மண்டியில் ஈரக் காயைக் காய்ந்த காய் என்று தள்ளிவிடுகிற ஜாதியில்லை அவர். ஈரம் இருக்கிறது என்று சொல்லியே தள்ளிவிடுவார். வாங்குகிறவன் அந்த உண்மைக்கும் சேர்த்து ஒரு விலை கொடுத்துவிட்டுப் போவான். அவ்வளவு வாய்ச் சாமர்த்தியம் உள்ளவரைக் கடைத்தெரு சும்மா விடுமா? நற்பணி மன்றம் என்று ஒன்றைத் தொடங்கி அவரைக் காரியதரிசி ஆக்கிவிட்டார்கள். மன்றத்தின் மொத்தச் சொத்து ஒரு பெஞ்சு, ஒரு ரப்பர் ஸ்டாம்பு, ஓயாமல் வரும் யோசனைகள்.

இப்படி இருக்கையில்தான் பட்டணத்துக் கல்லூரியிலிருந்து பேராசிரியர் ரங்கநாதன் வந்து இறங்கினார். கதர்ச் சட்டை, தோளில் ஜோல்னாப் பை. லீவில் மாணவர்களை ஏதாவது ஓர் ஊருக்கு அழைத்துப்போய்ச் சமூக சேவை செய்யவைக்க வேண்டும் என்று சர்வகலாசாலையில் உத்தரவாம். உள்ளூரில் ஓர் அமைப்பு கூட நின்றால்தான் நடக்குமாம்.

"எங்ககிட்ட கை இருக்கு, உங்ககிட்ட ஊர் இருக்கு. சேர்ந்து செய்யலாம்" என்றார் பேராசிரியர். "இந்தத் தடவை நல்லபடியா நடந்தா வருஷாவருஷம் வருவோம். மெடிக்கல் காலேஜ்காரங்களையும் கூட்டிட்டு வரேன். வாரத்துக்கு ஒரு நாள் டாக்டர் வருவாங்க."

டாக்டர் என்ற சொல்லில் தர்மதாஸ் விழுந்தார். செஞ்சிக்குக் கோட்டையைப் பார்க்க ஆயிரம் பேர் வருவார்கள். ஊர்க்காரன் நாடியைப் பிடித்துப் பார்க்க ஒருவன் வந்ததில்லை. ரப்பர் ஸ்டாம்பை ஊதி, பேராசிரியர் நீட்டிய காகிதத்தில் அழுத்தினார்.

மாணவர்கள் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். சாப்பாடு தர்மதாஸ் வீட்டில். சமைத்தவள் மருதேவி. அறுபதை எட்டிக்கொண்டிருந்த விதவை, தம்பியைத் தாய்போல வளர்த்தவள். ஜைன வீடு, பொழுது சாய்வதற்குள் ராத்திரிச் சாப்பாடு முடிந்தாக வேண்டும். வெயில் இருக்கும்போதே இலை போட்டு, "சாப்டுங்க கண்ணுங்களா, அப்புறம் வௌக்குல பூச்சி விழும்" என்று அன்னத்தை அள்ளி அள்ளி வைப்பாள். வெங்காயம் கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது. பிள்ளைகள் எட்டு மணிக்கு மறுபடியும் பசியெடுத்து பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்ப் பரோட்டா தின்றுவிட்டு வருவது அவளுக்குத் தெரியும். "வளர்ற வயசு" என்று சொல்லி மறுநாள் இன்னொரு கரண்டி கூட வைப்பாள்.

அவர்களில் ராஜாராம் என்று ஒருவன். ராயபுரத்துப் பையன், ரசாயனம் படிக்கிறவன். அவன் மட்டும் கிணற்றடியில் நின்று அவள் தண்ணீர் வடிப்பதைப் பார்ப்பான். சேந்திய தண்ணீரை மடித்த துணியில் வடிப்பாள். வடித்தது வீட்டுக்கு. துணியில் நிற்கிற கண்ணுக்குத் தெரிந்ததும் தெரியாததுமான உயிர்களை, வடித்த தண்ணீராலேயே அலசி ஒரு சின்னச் செம்பில் வாங்கி, செம்பைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, நீர்மட்டத்தைத் தொட்ட பிறகுதான் சாய்ப்பாள்.

"மேலேந்தே ஊத்திடலாமே பெரியம்மா?" என்றான் ஒரு நாள்.

"உன்ன மாடியிலேந்து தள்ளி வூடு போய்ச் சேருன்னா சேருவியா?"

அவன் சிரித்தான். கல்யாணமாகி வந்த வீட்டிலிருந்து தாலியறுத்துத் திரும்பிய நாளிலிருந்து அவள் இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறாள், வேறு தண்ணீர் நாக்கில் பட்டதில்லை என்று தர்மதாஸ்தான் அவனுக்குச் சொன்னார், பெருமையாக.

முகாமின் நடுவில் வல்லத்துப் பக்கம் வாந்திபேதி கண்டது என்று செய்தி வந்தது. இரண்டு சாவு. மாணவர்கள் செய்துவந்த ரோடு போடும் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, கடைத்தெருவையும் ஒட்டிய சந்துகளையும் சேர்ந்த கிணறுகளுக்கெல்லாம் பிளீச்சிங் பவுடர் போடுவது என்று பேராசிரியர் முடிவு செய்தார். பவுடர் மூட்டை மறுநாளே பஸ் மேலே ஏறி வந்துவிட்டது. போடத்தான் கிணறு கிடைக்கவில்லை.

தண்ணீர் நாறும், சோறு வேகாது, மாடு குடிக்காது, பிள்ளைத்தாச்சிக்கு ஆகாது. ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எல்லாருக்கும் முன்னால் நின்றவர் தனகோட்டி கவுண்டர். சிங்கவரத்தில் நிலம், கடைத்தெருவில் வீடு, வாய் எல்லா இடத்திலும். அவர் சரி என்றால் தெரு சரி என்னும்.

மண்டி வாசலில் கூட்டம் கூடிற்று. தர்மதாஸ் பேசினார். வல்லத்துச் சாவைச் சொன்னார், வரப்போகிற டாக்டரைச் சொன்னார். கவுண்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தோளிலிருந்த துண்டை உதறித் தம் கைமேல் போட்டுக்கொண்டு கையை நீட்டினார். மாட்டுச் சந்தையிலும் மண்டியிலும் விலை பேசுவது அப்படித்தான். துண்டுக்குள் விரலைப் பிடித்துச் சொன்ன சொல்லை எவனும் பின்னால் மாற்றிக்கொள்ள மாட்டான். மாற்றினால் அப்புறம் அவனோடு யாரும் துண்டு போட மாட்டார்கள். கூட்டம் சிரித்தது.

"பேசிப்போம் நயினாரே. நீ சொல்ற சரக்கு அவ்ளோ நல்ல சரக்குன்னா, மொதல்ல உன் வூட்டுக் கெணத்துல போடு. நாங்க கண்ணால பாக்கணும். அப்புறம் மிச்சம் பதிமூணுலயும் போட்டுக்க, எவனும் வாயத் தொறக்க மாட்டான். இன்னா சொல்ற?"

துண்டுக்குள் நுழைந்த தர்மதாஸின் ஒற்றை விரலைக் கவுண்டரின் கை பிடித்து அழுத்திக்கொண்டிருந்தது. நல்ல பேரம்தான். ஒன்றுக்குப் பதின்மூன்று. பேரம் சூடு பிடித்துவிட்டால் கையிலிருக்கிற சரக்கு யாருடையது என்பது தரகனுக்கு மறந்துபோகும்; தொழில் அப்படி. அவர் கவுண்டரின் கையைக் குலுக்கினார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான், அக்காள் செம்பில் இறக்கிவிடுகிற உயிர்களைப் பவுடர் மிச்சம் வைக்காது என்பது அவருக்கு நினைவு வந்தது.

ஆனால் தரகன் மூளை சும்மா இருக்குமா? ராஜாராமை ஓரமாக அழைத்துப்போனார். "தம்பி, எங்க கெணத்துக்கு மட்டும் அரிசிமாவக் கரைச்சு எடுத்துட்டு வா. பாக்க ஒரே மாதிரிதான இருக்கும்? எங்க அக்கா தெனம் வடிச்சுத்தான் குடிக்கிறாங்க. அந்தத் தண்ணியால யாருக்கும் ஒண்ணும் வந்துடாது."

ராஜாராம் தலையைச் சொறிந்தான். "புரொபசருக்குத் தெரிஞ்சா தோல உரிச்சிடுவாரு சார்."

"அவருக்கு யாரு சொல்லப்போறா?"

மருதேவி கோயிலுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வைத்துக்கொண்டார்கள். தெருவே கிணற்றடிக்கு வந்து நின்றது. ராஜாராம் வெள்ளையாக ஒரு வாளியைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே ஊற்றினான். சிலர் கைகூடத் தட்டினார்கள். தனகோட்டி கவுண்டர் மட்டும் கிணற்றின் மேல் குனிந்து மூக்கை உறிஞ்சினார்.

"வாசனயே வரலியே நயினாரே. கவுருமெண்டு ஆஸ்பத்திரியில நூறடி தள்ளியே மூக்கப் புடிச்சிக்கணும். இது எங்க வூட்டு ஆப்ப மாவு மாரி கீதே?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடுத்த சிரிப்புக்குள் பதின்மூன்று கிணறும் கையைவிட்டுப் போய்விடும். டாக்டரும் போவார். கவுண்டரோடு துண்டு போட்டு ஏமாற்றியவன் என்ற பெயர் மட்டும் நிற்கும். வல்லத்து வாந்திபேதி ஒரு நாளில் நடந்து வந்துவிடுகிற தூரம். தர்மதாஸ் இவ்வளவையும் யோசித்தார் என்று சொல்லலாம். உண்மையில் அவர் யோசித்தது அந்தச் சிரிப்பை மட்டும்தான்.

"பையன் வாளிய மாத்தி எடுத்தாந்துட்டான்" என்று தாமும் சிரித்தார். "ராஜாராம், மத்த கெணத்துக்குக் கரைச்சு வெச்ச வாளிய எடுப்பா."

பையன் அசையாமல் அவரையே பார்த்தான். "சார், நெஜமாவா?"

"ஊத்துப்பா."

ஊற்றினான். காரமாக ஒரு நெடி கிளம்பி எல்லாருடைய கண்ணிலும் நீர் வரவைத்தது. கவுண்டர் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, "இதான் சரக்கு" என்று தலையாட்டினார். சாயங்காலத்துக்குள் பதின்மூன்று கிணறும் முடிந்தன.

மருதேவி கோயிலிலிருந்து வந்து குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். போனவள் வெகு நேரம் திரும்பவில்லை. தர்மதாஸ் எட்டிப் பார்த்தபோது வாளிக் கயிறு அவள் கையில் இருந்தது. வாளி மேலேயே இருந்தது.

"யார் ஊத்தச் சொன்னது?"

சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவர் உண்மையைச் சொல்லியிருப்பாரோ என்னவோ.

"காலேஜ் பசங்கதான். ஊர்ல எல்லாக் கெணத்துக்கும் போட்டாங்க. நான் மண்டியில இருந்தேன்."

அவள் கயிற்றைச் சுருட்டி வைத்தாள். அன்றைக்கு உபவாசம் என்றாள். மாதத்தில் சில நாள் தண்ணீர்கூட இல்லாமல் இருக்கிறவள்தான். தர்மதாஸ் ஒன்றும் பெரிதாக நினைக்கவில்லை. மறுநாளும் உபவாசம் என்றாள். அனல் காற்று வீசிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு இலை போட வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதட்டில் தோல் வெடித்திருந்தது.

இது உபவாசமில்லை என்று தர்மதாஸுக்கு அப்போதுதான் உறைத்தது. கிணற்றை இறைத்து ஊறவிடலாம் என்றார். "செத்ததெல்லாம் ஊறி எழுந்து வந்துடுமா?" என்றாள். சித்தாமூர் ஜைன மடத்தில் பரிகாரம் கேட்கலாம் என்றார். "கேக்கலாம். சொல்லுவாங்க. அதுவரைக்கும் எதைக் குடிக்க?" தெருவில் மருந்து படாத கிணறு ஒன்றுமில்லை, அதுவும் அவர் கைங்கரியம்தான். கடைசியில், சிங்கவரத்தில் தனகோட்டியின் கழனிக் கிணறு இருக்கிறது, அங்கிருந்து ஆள் வைத்துக் கொண்டுவரலாம் என்றார்.

"கொண்டார்றது பெருசில்ல தம்பி. வடிச்ச உசுர அந்தக் கெணத்துலயே திருப்பி விடணும். கூலிக்குப் போறவன் வழியில வாய்க்கால்ல கவுத்துட்டு வெறுஞ்செம்ப எடுத்தாருவான். அவனுக்கு இன்னா பொறுப்பு?" சற்றுப் பொறுத்துச் சொன்னாள்: "ஊத்தச் சொன்னவன் யாரோ அவன் கொண்டாரட்டும். அவன் கையால திருப்பி விடட்டும். குடிக்கிறேன்."

சொல்லிவிட்டுத் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். நான்தான் அக்கா என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

"பசங்ககிட்டச் சொல்றேன்" என்றார்.

ராஜாராம் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் சட்டை துவைத்துக்கொண்டிருந்தான். முழுதும் கேட்டுவிட்டு, பிழிந்த சட்டையை ஒரு உதறு உதறினான்.

"ஊத்தச் சொன்னது நான்தானா சார்?"

தர்மதாஸ் தரையைப் பார்த்தார். "பெரியவங்க தாகமா இருக்காங்க தம்பி."

"அது தெரியுது. யாரு சொன்னான்னு அவங்க கேக்கறாங்க. யாரு ஊத்துனான்னு கேட்டா நான்தான? சைக்கிள் குடுங்க."

அன்றிலிருந்து வெயிலுக்கு முன்னால் அவன் சிங்கவரம் போய்வந்தான். காரியரில் கட்டிய பித்தளைக் குடத்தில் தண்ணீர் வரும். அவள் வடித்து ஒரு டம்ளர் குடிப்பாள். பிறகு சின்னச் செம்பை அவன் கையில் கொடுப்பாள். ஹாண்டில்பாரில் தொங்கவிட்டுக்கொண்டு மறுபடியும் போவான். முதல் நாள் அவள் குடித்ததைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்த தர்மதாஸ், மண்டிக்குப் போய் அன்றைக்கு யாரோடும் பேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

தெருவில் ஒருவருக்கும் வாந்திபேதி வரவில்லை. முகாம் முடிவு விழாவில் பேராசிரியர் அதைச் சொன்னபோது எல்லாரும் கைதட்டினார்கள். கல்லூரியும் மன்றமும் கைகோத்தால் என்னென்ன நடக்கும் என்பதற்குச் செஞ்சியே சாட்சி என்றார். முதலில் தம் வீட்டுக் கிணற்றையே முன்வந்து கொடுத்த காரியதரிசிக்கு ரோஜாமாலை போட்டார். மாலையின் ஈரம் சட்டைக்குள் இறங்கியது. மாணவர் வரிசையைப் பார்க்காமலே தர்மதாஸ் நன்றியுரை சொல்லி முடித்தார்.

மறுநாள் பஸ் ஏறுமுன் ராஜாராம் சைக்கிளைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான்.

"இன்னிக்குக் குடுத்துட்டேன் சார். செம்புல இருந்ததையும் கெணத்துல விட்டுட்டு வந்துட்டேன். நாளைக்கு?"

"பாத்துக்கறேம்ப்பா. நீ படிப்பப் பாரு."

"பெரியம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். அடுத்த வருசம் வரியான்னு கேட்டாங்க." சாவியை அவர் கையில் வைத்தான். "அதுவரைக்கும் எப்படி சார் தாகமா இருப்பாங்க?"

பஸ் திண்டிவனம் ரோட்டில் திரும்பி மறைந்தது. சேவை செய்ய வந்தவர்களுக்கு ஊர் திரும்பப் பஸ் உண்டு. தர்மதாஸுக்கு ஊரே அதுதான்.

மறுநாள் அவர் மண்டிக் கூலி முருகையனை அனுப்பினார். "காலேஜ் தம்பி சொல்லிட்டுப் போச்சுன்னு சொல்லு" என்று வாய்ப்பாடம் வேறு. முருகையன் குடத்தை இறக்கினான். மருதேவி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீயாடா ஊத்தச் சொன்ன?"

"இல்லிங்க ஆத்தா."

"அப்புறம் நீ ஏன் சொமக்குற? எடுத்துனு போய் அங்கயே விட்டுடு."

அன்றைக்கு முழுக்க அவள் சொட்டுத் தண்ணீர் தொடவில்லை. மத்தியானம் பாயில் சுருண்டு கிடந்தாள். தர்மதாஸ் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். மண்டியிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டும் போகவில்லை. நாக்கு ஒட்டிக்கொள்ளும் சத்தத்தோடு அவள் மூச்சு விடுவது வெளியே கேட்டது.

விடியற்காலையில் அவரே சைக்கிளை எடுத்தார். ஐம்பது தாண்டிய தொந்தி. சைக்கிள் விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. கடைத்தெருவில் டீக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தவர்களின் பேச்சு நின்றது.

"நயினாரே, இன்னா, மண்டிய வுட்டுட்டு பால் வியாபாரமா?" என்றான் ஒருவன். அவர் பெடலை அழுத்தி மிதித்தார். வாயால் சமாளிக்க முடியாத ஊராகச் செஞ்சி அன்றைக்கு முதல் தடவையாகத் தெரிந்தது.

சிங்கவரத்துக் கழனியில் தனகோட்டி கவுண்டர் கிணற்றில் நீர் இறைக்கிற கவலைக்கு மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். குடத்தோடு வந்தவரைப் பார்த்ததும் மாட்டை விட்டுவிட்டு வந்தார்.

"பையன் போய்ட்டானா? சொல்லியிருந்தா நான் வண்டியில அனுப்பியிருப்பேனே."

"வேணாம் கவுண்டரே. நான்தான் கொண்டுபோவணும்."

கவுண்டருக்குப் புரிந்தது. கயிற்றை எடுத்துக் கொடுத்தார். "நான் வெளையாட்டாக் கேட்டேன் நயினாரே. தரகன், எப்படியும் ஒரு சால்ஜாப்பு சொல்லிக் கழண்டுக்குவன்னுதான் நெனச்சேன். துண்டுக்குள்ள நான் ஒரு வெரலத்தான் கேட்டேன். நீ கையயே வெட்டிக் குடுத்துட்ட."

தர்மதாஸ் குடத்தை நிரப்பிக்கொண்டு புறப்பட்டார். தளும்பிய தண்ணீர் முதுகை நனைத்துக்கொண்டே வந்தது.

வீட்டில் மருதேவி வாசற்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சைக்கிளை நிறுத்தி, குடத்தை அவிழ்த்து அவளுக்கு முன்னால் வைத்தார். மூச்சு இரைத்தது. வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்த வாக்கியம் ஒன்று இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது கலைந்துவிட்டது. முருகையனைக் கேட்ட கேள்வியை அவள் அவரைக் கேட்கவில்லை. எழுந்து துணியை மடித்தாள். வடித்தாள். துணியை அலசிச் செம்பில் வாங்கினாள். நிறைந்த டம்ளர் அவள் பக்கத்திலேயே இருந்தது. பையனாக இருந்தால் இப்போது குடித்திருப்பாள்.

அவள் டம்ளரைத் தட்டால் மூடினாள். செம்பை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"நீ போய் விட்டுட்டு வா. அப்புறம் குடிக்கிறேன்."

"அக்கா, ஒரு வாய் குடிச்சுடு. நான் போறேன், கட்டாயமா..."

"வெயில் ஏறுது. செம்புல இருக்கிற உசுருங்க தாங்காது. தண்ணியத் தொட்டப்புறம் சாய்."

அவர் மறுபடியும் சைக்கிளில் ஏறினார். ஹாண்டில்பாரில் தொங்கிய செம்பு ஆடாமலிருக்க ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு கையாலேயே ஓட்டினார். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது.

இந்த நிலையிலும் தொழில் புத்தி தானாகக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தது. கல்லூரி பேரில் வரவு: பதினான்கு கிணறு, படத்தோடு ஓர் அறிக்கை. தெரு பேரில் வரவு: பாடை கட்டாத ஒரு கோடை. மன்றத்துக்கு வாரம் ஒரு டாக்டர், வந்தால். ராஜாராம் செய்யாத குற்றத்துக்குச் சைக்கிள் மிதித்தான். அது கைமாற்று, திருப்பிக் கொடுக்க விலாசம்கூட வாங்கி வைக்கவில்லை. அக்காள் பேரில் செலவு: வீட்டுக் கிணறு, தம்பி சொன்ன ஒரு பேச்சை நம்புகிற பழக்கம். தர்மதாஸ் பேரில் செலவு: இனி தினம் விடியலில் சிங்கவரம், போக வர இரண்டு நடை, தள்ளுபடி இல்லை. கடைசியாக, அன்றைக்கு அந்தக் காரத்தில் வெந்து அடங்கிய கிணற்று உயிர்கள். அவற்றை எந்தப் பேரில் எழுதுவது என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. தம் பேரிலேயே பாக்கி என்று எழுதினார். எத்தனை என்று போட வேண்டிய இடத்தை மட்டும், தெரியாததால், காலியாக விட்டார்.